கடுகெண்ணெய் இல்லாமல் ஜால்முரியா?

கேள்வி: அலுவலக வேலையாகக் கொல்கத்தா போயிருந்தேன். ஜால்முரி, ஜால்முரி என்று எல்லாரும் உருகினார்கள். வாங்கித் தின்று பார்த்தால் நம்மூர் காரப்பொரிதான். மும்பையில் பேல்பூரி என்கிறார்கள், பெயர்தான் வேறு. போதாக்குறைக்குப் பச்சைக் கடுகெண்ணெய்! மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தின்ன வேண்டியிருந்தது. அதற்குப் பதில் வேறு நல்ல எண்ணெய் ஊற்றினால் குறைந்தா போய்விடும்? (வாசகர், மதுரை)

பதில்: ஆமாம், குறைந்துதான் போகும். ‘ஜால்’ என்றால் காரம், ‘முரி’ என்றால் பொரி. அந்தக் காரத்தில் ஒரு பங்குதான் மிளகாயுடையது. இன்னொரு பங்கு உங்கள் மூக்கில் ஏறியதே, அந்தக் கடுகுடையது. மிளகாய் நாக்கைச் சுடும்; கடுகு மூக்கு வழியே உச்சந்தலை வரை போய் இறங்கும். எண்ணெயைக் காய்ச்சினால் அந்த நெடி அடங்கிவிடும். அதனால்தான் பச்சையாக ஊற்றுகிறார்கள். பல கடைகளில் மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மேலே மிதக்கும் எண்ணெயையே எடுத்து விடுவார்கள். ஊறுகாயின் புளிப்பும் மசாலாவும் சேர்ந்தே வந்துவிடும்.

மதுரைக்காரரான உங்களுக்கு இது புரியாமல் போகாது. இட்லிப் பொடியில் குழி பறித்து நாம் ஊற்றும் நல்லெண்ணெயும் பச்சை எண்ணெய்தான். “வாசமில்லாத ரீஃபைண்ட் ஆயிலை ஊற்றினால் என்ன?” என்று ஒரு கொல்கத்தாக்காரர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே அவர்கள் சார்பில் உங்களுக்குச் சொல்கிறேன்.

காரப்பொரியும் ஜால்முரியும் ஒன்று என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் எண்ணெயைக் காயவைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை, மிளகாய்ப்பொடி, மஞ்சள், பொட்டுக்கடலையோடு பொரியைப் புரட்டி டப்பாவில் அடைத்துவிடுகிறோம். நாலு நாள் ஆனாலும் மொறுமொறுப்பு போகாது. ஜால்முரிக்கு ஆயுள் சில நிமிடம். வெங்காயம், வெள்ளரி, தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் உப்பு பட்டதும் நீர் விடத் தொடங்கும். பொரி நமுப்பதற்குள் தின்றுவிட வேண்டும். சியால்தா, ஹவுரா புறநகர் ரயில்களில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு வருகிறவரைப் பாருங்கள். முன்கூட்டியே கலந்து எதையும் கொண்டுவர மாட்டார். காரம் எவ்வளவு என்று உங்களைக் கேட்டுவிட்டு, தகர டப்பாவில் எல்லாவற்றையும் போட்டு, வறுத்துப் பொடித்த சீரக மசாலா தூவி, எண்ணெய் விட்டு, கரண்டியால் ‘டக டக’வென்று அடித்துக் கலக்கி, காகிதப் பொட்டலத்தில் கொட்டுவார். மேலே நீளமாக ஒரு தேங்காய்ப் பத்தையைச் செருகித் தருவார். அந்தப் பொட்டலத்துக்கு ‘டோங்கா’ என்று பெயர்.

பேல்பூரிக்கு வருகிறேன். அதை நனைப்பது சட்னி: புளியும் பேரீச்சையும் அரைத்த இனிப்புச் சட்னி, கொத்தமல்லிப் பச்சைச் சட்னி, மேலே சேவ். எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. ஜால்முரிக்கு நெருங்கிய உறவு வேண்டுமானால் மைசூருக்குப் போங்கள். சுருமுரியில் துருவிய கேரட், வெங்காயம், தக்காளி, வேர்க்கடலையோடு தேங்காயெண்ணெயைப் பச்சையாக விட்டுப் பிசைகிறார்கள். பொரி அதே பொரிதான்; எந்த எண்ணெய் என்று முகர்ந்து பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

வங்காளத்துக்குள்ளேயும் ஒரே முகம் கிடையாது. பாங்குரா, மேதினிபூர் பக்கம் போனால் பொரி கொறிக்கும் பொருள் அல்ல, காலை உணவே அதுதான். சூடான உருளைக்கிழங்கு வடையை உதிர்த்துப் போட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பாங்குரா மாவட்டம் கேஞ்சாகுராவில் மாக மாதம் 4ஆம் நாள், அதாவது நம் தை மாதத் தொடக்கத்தில், துவாரகேஸ்வர் ஆற்று மணலில் பொரித் திருவிழாவே நடக்கிறது. குடும்பம் குடும்பமாகத் துணியை விரித்து, மூட்டையாகக் கொண்டுவந்த பொரியைக் கொட்டிப் பிசைந்து, கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்சில் அதே பொரியோடு ஆட்டிறைச்சிக் குழம்பு.

வங்கதேசத்தில் இது நோன்பு திறக்கும் நேரத்து உணவு. பெரிய தாம்பாளத்தில் பொரி, வேகவைத்த கொண்டைக்கடலை, பருப்பு வெங்காய வடை, கத்தரிக்காய் பஜ்ஜி எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு, கடுகெண்ணெய் விட்டுக் கையால் பிசைவார்கள். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே தாம்பாளத்தில் கைவைப்பார்கள். அதில் ஜிலேபியையும் பிய்த்துப் போடலாமா கூடாதா என்று ரமலான் தோறும் அங்கே சண்டை. போடக்கூடாது என்பவர் பக்கம் நான்.

இதில் எனக்கு உண்மையான கவலை பொரியைப் பற்றியதுதான். புழுங்கலரிசியை உப்புநீர் தெளித்து வறுத்து, கொதிக்கும் மணலில் போட்டுப் பொரித்துச் சலிக்கும் கைவேலை கிராமத்துப் பெண்களுடையது. அந்தப் பொரி சிறியது, பழுப்பானது, அரிசி மணம் விடாதது. சந்தையில் இன்று வெள்ளைவெளேரென்று உப்பி நிற்கும் இயந்திரப் பொரிக்கு அந்த மணம் இல்லை. பருமனுக்கும் வெண்மைக்கும் யூரியா கலக்கிறார்கள் என்ற புகார் இரண்டு வங்காளத்திலும் உண்டு. நீங்கள் கோபப்பட வேண்டியது கடுகெண்ணெய் மேல் அல்ல, இதன் மேல்.

அடுத்த முறை போனால் பழுப்புப் பொரி வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். எண்ணெயைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தத் தேங்காய்ப் பத்தையை எடுத்த எடுப்பில் தின்றுவிடாதீர்கள். பாதிப் பொட்டலத்தில் காரம் ஏறும்போது கடிக்கத்தான் அதைச் செருகியிருக்கிறார்.