பிரக்ஞை எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகளுக்கு மயக்கவியல் மருத்துவர் பதில்

மூளையில் எந்த இடத்தில் பிரக்ஞை பிறக்கிறது? (பெரம்பூர் வாசகர்)

ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. ஆனால் சிறுமூளை பழுதானவர் தள்ளாடுவார், நாக்குழறுவார், பிரக்ஞை போகாது. மூளைத்தண்டின் மேற்பகுதியில் சிறு சேதம் போதும், ஆழ்மயக்கத்தில் விழுந்துவிடுவார். அதற்காக அதையே பிரக்ஞையின் இருப்பிடம் என்று சொல்லிவிடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் அறை இருளும். வெளிச்சம் சுவிட்சிலா இருந்தது?

உபநிடதத்தில் உள்ளதைத்தான் விஞ்ஞானம் இன்று கண்டுபிடித்திருக்கிறது என்று மயிலாப்பூர்ச் சொற்பொழிவு ஒன்றில் கேட்டேன். சரியா?

இப்படிப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. நம் மெய்யியலாளர்கள் இந்தக் கேள்வியில் ஒருவரையொருவர் விடாமல் மறுத்தவர்கள். வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் பூதவாதி, தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து மதுவின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். இன்றைய நரம்பியலாளர் பலருடைய நம்பிக்கையும் கிட்டத்தட்ட இதுதான். சாங்கிய தரிசனம் நேர் எதிர். அது மனம், புத்தி, அகங்காரம் எல்லாவற்றையும் சடப்பொருளின் பக்கம் தள்ளிவிட்டு, அறியும் புருடனை மட்டும் தனியே நிறுத்துகிறது. சிந்தனை எப்படி நடக்கிறது என்று விளக்கிவிட்டாலும் பிரக்ஞை விளங்கிவிடாது என்ற கூர்மை அதில் இருக்கிறது. 1995இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றதும் இந்த இடைவெளியைத்தான். பிரக்ஞையின் நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெரிந்துவிடும் என்று 1998இல் அவரிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

ஆழ்ந்த உறக்கத்தில் பிரக்ஞை இருக்கிறதா? (தாம்பரம் வாசகி)

'சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்று காலையில் சொல்கிறோமே, அது நினைவு. அனுபவிக்காததை நினைக்க முடியாது, ஆகவே எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருக்கும் ஆன்மாவாகிய சாட்சி விழித்திருந்தது என்பது அத்வைதம். இல்லை, எழுந்தபின் செய்யும் ஊகமே அது என்பது நியாய தரிசனம். மயக்கம் தெளிந்தவர்கள் என்னிடம், 'இன்னும் ஆபரேஷன் தொடங்கவில்லையா?' என்று கேட்பதுண்டு. உறங்கி எழுந்தவருக்கு நேரம் கழிந்த உணர்வாவது மிஞ்சும். இவர்களுக்கு அதுவும் இல்லை. சாட்சி ஓயாது விழித்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் எங்கே போயிற்று? நான் நியாயவாதியின் பக்கம் சாய்கிறேன். ஆனாலும், உறக்கமும் மருந்து மயக்கமும் ஒன்றல்ல என்று அத்வைதி மறுத்தால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியாது.

சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட கருவின் மூளைப் படங்களில் விடை கிடைக்குமா?

'தரணி' என்ற அந்தத் தொகுப்பு, இரண்டாம் மும்மாத மூளையை 5,132 நுண்வெட்டுகளில் காட்டுகிறது. செல்கள் அடுக்கடுக்காக அமைவதைப் பார்க்கலாம். உணர்வைப் பார்க்க முடியாது. புலன்களின் செய்திகளைக் கடத்தும் தாலமஸ் என்ற மூளையின் உட்பகுதியிலிருந்து வரும் இழைகள், மூளையின் மேலடுக்கான புறணியோடு இணைவதே சுமார் 24ஆம் வாரத்தில்தான். அதற்குமுன் அங்கே உணர்வு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது என் கணிப்பு.