யூடியூப் நெட்வொர்க் பணமும் தரவில்லை, சேனலையும் விடவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: திண்டுக்கல்லில் சமையல் யூடியூப் சேனல் நடத்துகிறேன். 2023 பிப்ரவரி 10 அன்று மும்பை நெட்வொர்க் ஒன்றில் (பல சேனல்களைச் சேர்த்து நிர்வகித்து, வருமானத்தில் பங்கு எடுக்கும் நிறுவனம்) மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். மாதம் இரண்டு விளம்பரம் பிடித்துத் தருவோம், காப்பிரைட் தொல்லை வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று போனில் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 30 சதவீதம் பிடித்தது போக எனக்கு மாதம் சுமார் 45,000 ரூபாய் வரும். ஜூன் வருமானத்திலிருந்து அதுவும் இல்லை, ஐந்து மாதமாயிற்று. விலகினால் 5 லட்சம் அபராதமாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்கு வேறு நெட்வொர்க்கில் சேரக்கூடாதாம். நான் கையெழுத்தே போடவில்லை, மெயிலில் வந்த லிங்க்கில் ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கியதோடு சரி. ஒப்பந்தம் செல்லுமா? வீடியோக்கள் யாருக்குச் சொந்தம்?

பதில்: மற்றதையெல்லாம் விடுங்கள், முதலில் காலண்டரைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலின்படி ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 9-இல் முடிகிறது. 60 நாளுக்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் இன்னொரு மூன்றாண்டுக்குத் தானாக நீளும். அதாவது உங்கள் கடிதம் 2025 டிசம்பர் 11-க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இந்த நவம்பர் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அவர்கள் மேனேஜருக்கு வாட்ஸப்பில் சொன்னால் அது நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தத்தில் ‘நோட்டீஸ்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள மின்னஞ்சலுக்கும், பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள். அதில் ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ என்ற ஒரே செய்திதான் இருக்க வேண்டும். பணப் பாக்கியை இதில் கலக்காதீர்கள். பாக்கி விஷயத்தில் தோற்றாலும் இந்தக் கடிதம் தனியாக நிற்கும்.

பாக்கிக்குத் தனி நோட்டீஸ். அதற்கு முன் கணக்கைச் சரியாகப் போடுங்கள், ஐந்து மாதம் என்பது தவறு. ஒரு மாத வருமானத்தை யூடியூப் அடுத்த மாதம் 7-லிருந்து 12-க்குள் இறுதி செய்து, 21-லிருந்து 26-க்குள் பணமாக அனுப்புகிறது. அது நெட்வொர்க்கின் கைக்கு வந்து 30 நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தம். ஜூன் பணத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் கெடு முடிந்தது. ஜூலைக்கு செப்டம்பர் கடைசி, ஆகஸ்டுக்கு அக்டோபர் கடைசி. செப்டம்பர் வருமானத்துக்கு இன்னும் கெடுவே வரவில்லை. ஆக மூன்று மாதம், சுமார் 1,35,000 ரூபாய். ஐந்து மாதம் என்று எழுதினால் முதல் பதிலிலேயே ‘உங்கள் கணக்கே தப்பு’ என்று மடக்கிவிடுவார்கள்.

பங்கையும் சரிபாருங்கள். வீடியோவில் ஓடும் விளம்பரத்தில் 100 ரூபாய் வந்தால் யூடியூப் 45 எடுத்துக்கொள்கிறது, மீதி 55. யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) நீங்கள் பார்ப்பது யூடியூப் தன் பங்கை எடுத்த பிறகான தொகை. நெட்வொர்க்கின் 30 சதவீதம் அந்த 55-இல்தான், அதாவது 16.50. உங்களுக்கு 38.50 வர வேண்டும். ஒப்பந்தத்தில் ‘நிகர வருமானம்’ என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று படியுங்கள். ‘நிர்வாகச் செலவு கழித்து’ என்று மூன்று சொல் செருகியிருந்தால் 38.50 சத்தமில்லாமல் தேயும்.

இன்னொரு சான்று வருமான வரித் தளத்தில் கிடக்கலாம். டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி), பணம் கொடுக்கும்போது மட்டுமல்ல, கணக்கில் வரவு வைக்கும்போதே பிடிக்க வேண்டியது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு உங்கள் பான் எண்ணில் அவர்கள் பெயரில் டிடிஎஸ் ஏறியிருந்தால், தரவேண்டிய தொகையை அவர்களே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைப் பதிவிறக்கி நோட்டீஸோடு இணையுங்கள்.

விளம்பரம் பிடித்துத் தருவதாகச் சொன்னது? நியாயமான கோபம்தான், ஆனால் அதை வைத்து வழக்கில் ஜெயிக்க முடியாது. போனில் பேசியது எழுத்தில் இல்லை. ‘இதில் உள்ளதே முழு ஒப்பந்தம்’ என்ற வரியும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பலம் வராத பணம். ஒருவர் தன் கடமையை அடியோடு செய்ய மறுத்தால், மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. பேசாமல் தொடர்ந்தால் நீங்களே சம்மதித்ததாகக் கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. அதனால் நோட்டீஸில் 15 நாள் கெடு வைத்து, தராவிட்டால் முடித்துக்கொள்வதாகத் தெளிவாக எழுதுங்கள்.

கையெழுத்து இல்லாததால் ஒப்பந்தம் செல்லாது என்று நினைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவின்படி ‘ஏற்கிறேன்’ போதும். வீடியோக்களின் பதிப்புரிமை விஷயம் வேறு. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் உரியவர் கையெழுத்தும் வேண்டும் (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19). வெறும் கிளிக் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஈடாகும் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் சொல்லப்படவில்லை. அப்படியானால் ஐந்தாண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஓராண்டுத் தடை ஒப்பந்தம் முடிந்த பிறகு நிற்காது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்த நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், காலம் முடிந்த பின்னும் அவரைக் கட்டிவைக்கும் நிபந்தனை, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுக்கு முரண் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நெட்வொர்க்கில் சேரக்கூடாது என்ற தடை செல்லும். அதனால் பிப்ரவரிக்கு முன், ஒப்பந்தம் முறைப்படி முடியாத நிலையில், வேறு நெட்வொர்க்கின் அழைப்பை ஏற்பது, இரண்டாவது சேனலில் அதே வீடியோவைப் போடுவது எதுவும் வேண்டாம். 5 லட்சம் அபராதம் என்பது அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி உச்சவரம்பு மட்டுமே. நட்டமே இல்லாதவருக்கு முழுத்தொகை கிடைக்காது.

சேனலைப் பிரிக்கும்போது ஏமாறுவது இங்கேதான்: இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு, உங்கள் வீடியோக்கள் மீது தங்கள் கன்டென்ட் ஐடி (வீடியோ யாருக்குச் சொந்தம் என்று உரிமை கோரும் யூடியூப் வசதி) கணக்கில் போட்ட உரிமைக்கோரலை அப்படியே விட்டுவிடுவார்கள். சேனல் உங்களிடம் இருக்கும், பணம் அங்கே போகும். எல்லாக் கோரல்களையும் விலக்க வேண்டும் என்று நோட்டீஸில் தனிவரியாகக் கேளுங்கள். ஸ்டுடியோவின் அனுமதிகள் பக்கத்தில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப் பணம் நேரடியாக வர சொந்த ஆட்சென்ஸ் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள், முகவரியைச் சரிபார்க்கும் ‘பின்’ (PIN) எண் தபாலில் வர நாளாகும். யூடியூப் இந்தச் சண்டையில் தலையிடாது.

வழக்கு என்று போனால் நீதிமன்றத்துக்குப் பதில் மும்பையில் நடுவர் தீர்ப்பாயம், நடுவரை நெட்வொர்க்கே நியமிக்கும் என்கிறது ஒப்பந்தம். ஒரு தரப்பே தனியாக நடுவரை வைக்க முடியாது என்பது 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கிலிருந்து தெளிவு. அப்படி யாரையாவது நியமித்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஆனாலும் 1,35,000 ரூபாய்க்காக மும்பை போய்வந்தால் கட்டுப்படியாகாது. வசூலிக்க மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. அந்தப் பாக்கியைக் காட்டி சேனலை மீட்பதுதான் லாபம்.

பெரும்பாலும் அவர்கள் ‘பரஸ்பர விலகல்’ என்று ஒரு பக்கத் தாள் அனுப்புவார்கள். நடுவில் எங்கோ ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். பணம் வங்கியில் ஏறி, கோரல்கள் நீங்கிய பிறகே அதில் கையெழுத்து.