மூன்பீமில் பிரெஞ்சு

அன்புள்ள ஐயா,

டொரண்டோவில் இருந்து லாரி ஓட்டுகிறேன். 11ஆம் நெடுஞ்சாலையில் கப்பஸ்கேசிங் போகும் வழியில் மூன்பீமில் நிறுத்தினேன். சாலையோரம் பறக்கும் தட்டு வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன ஊர். கடையில் எல்லோரும் பிரெஞ்சில் பேசுகிறார்கள். ஒன்டாரியோவுக்குள் இந்தக் கியூபெக் துண்டு எப்படி வந்தது? இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கியூபெக் துண்டு என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். பலருடைய முன்னோர்கள் பக்கத்துப் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் இவர்கள் ஒன்டாரியோக்காரர்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தனிக் கொடியே உண்டு, 1975இல் சட்பரியில் முதலில் ஏற்றினார்கள்.

1910களில் அந்தக் காட்டை வெட்டிக்கொண்டு ரயில் பாதை வந்தது. (காலி நிலம் இல்லை, கிரீ மக்களின் நிலம்.) களிமண் பூமி, விவசாயம் செய்யலாம் என்று பாதிரியார்கள் ஊக்கப்படுத்த, ரயிலுக்குப் பின்னாலேயே குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கோடையோ சில மாதங்கள்தான், அதனால் கடைசியில் சோறு போட்டது மரம். அதிலும் சண்டை. 1963 பிப்ரவரியில், கப்பஸ்கேசிங்குக்கு மேற்கே ரீசர் சைடிங்கில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும் ஆலைக்கு மரம் விற்ற குடியானவர்களுக்கும் மோதல் வந்து, துப்பாக்கிச் சூட்டில் 3 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான்.

இந்த ஊர்கள் முளைத்த அதே வருடங்களில்தான், 1912இல், ஒன்டாரியோ அரசு பள்ளிகளில் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக்கூடாது என்று 17ஆம் விதியைக் கொண்டுவந்தது. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம் இது. ஆசிரியர்களும் பெற்றோரும் விடாமல் எதிர்த்து நின்றதால்தான் 1927இல் அரசு பின்வாங்கியது. அப்புறம் கனடாவின் 1982 அரசியல் சாசனம் பிரெஞ்சுப் பள்ளி உரிமையைத் தந்தது, ஒன்டாரியோவின் 1986 சட்டம் அரசு அலுவலகத்தில் பிரெஞ்சில் பேசும் உரிமையைத் தந்தது.

எத்தனை காலம் தாங்கும் என்றால், எனக்குப் பள்ளியைப் பற்றிப் பயமில்லை. மேற்கே ஹர்ஸ்டில் பிரெஞ்சிலேயே படிக்கப் பல்கலைக்கழகம்கூட இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைக்கு அங்கேயே வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மர ஆலை ஒன்று மூடினால் குடும்பங்கள் தெற்கே போய்விடும், ஆங்கில ஊரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் வீட்டுக்கு வந்து பிரெஞ்சு சொல்லித்தராது. அதனால் அடுத்த முறை அந்தப் பக்கம் சரக்கு ஏற்றப் போனால், ஆலைகள் எப்படி ஓடுகின்றன என்று விசாரித்து எழுதுங்கள்.