பூச்சிகளில் ஆண்–பெண் மோதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழ ஈயின் விந்துத் திரவம் பெண்ணின் ஆயுளைக் குறைக்கிறதாம். முட்டையிட வேண்டியவளையே கெடுத்தால் ஆணுக்குத்தானே நஷ்டம்?

அந்தப் பெண்ணோடு ஆணுக்கு நீண்டகால உறவு ஏதும் இல்லை. அடுத்த ஆண் வருவதற்குள் அவள் இடும் முட்டைகள்தான் அதன் பங்கு. ஆணின் இனப்பெருக்கத் துணைச் சுரப்பியில் உருவாகும் செக்ஸ் பெப்டைடு என்ற 36 அமினோ அமிலப் புரதத் துண்டு விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், சிறிது சிறிதாகக் கழன்று வருகிறது. அதனால் ஒரு வாரம்போல் பெண் மற்ற ஆண்களை விரட்டும்; முட்டையும் கூடும். விந்தணு இன்றித் திரவம் மட்டும் போனால் விளைவு ஓரிரு நாளில் மங்கிவிடும். ஆயுள் குறைவது பக்க விளைவுதான், நோக்கம் அல்ல. ஹாலண்ட், ரைஸ் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்றே 40 தலைமுறைக்கு மேல் வளர்த்த வம்சத்தில் ஆண்களின் தீங்கு குறைந்தது. போட்டியாளன் இல்லையென்றால் ஆயுதமும் வீண்.

கேள்வி: பழ ஈயில் வெள்ளைக்கண் பெண்ணை முதலில் வெள்ளைக்கண் ஆணோடும் பிறகு சிவப்புக்கண் ஆணோடும் சேர்த்தோம். குஞ்சுகளில் இரண்டாம் ஆணின் பங்கு எப்போதும் எதிர்பார்த்ததில் பாதியாகவே வருகிறது. தவறு எங்கே?

எண்ணியதில். கண் நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகன்களுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் தகப்பன் யாராக இருந்தாலும் மகன்கள் எல்லாம் வெள்ளைக்கண்தான். 75 மகள்களில் 60 சிவப்பு என்றால் பங்கு 0.8. அதோடு 75 மகன்களையும் சேர்த்தால் 60/150, அதாவது 0.4 ஆகிவிடும். மகள்களை மட்டும் எண்ணுங்கள், அல்லது பால் குரோமோசோமில் இல்லாத அடையாளத்துக்கு மாறுங்கள்.

இன்னும் சில: கன்னிப் பெண்களை, 25 டிகிரியில், கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாம் இணைசேர்தலைக் கண்ணால் பார்த்தே பதியுங்கள் (வழக்கமாக 15–20 நிமிடம்). பார்க்காவிட்டால், பெண் மறுத்ததையும் விந்தணு தோற்றதையும் ஒரே பூஜ்யமாக எழுதிவிடுவீர்கள். வெள்ளைக்கண் ஆண்களுக்குப் பார்வை மங்கல், துரத்துவதில் மந்தம். ஆகவே ஆண்களின் வரிசையை மாற்றியும் செய்து பாருங்கள்.

கேள்வி: பெண்ணுக்குக் கெடுதலான மரபணுவை இயற்கைத் தேர்வு நீக்கிவிடாதா?

எளிதில் நீக்காது. எக்ஸில் உள்ள ஒடுங்கு மரபணு (ஓங்கிய பிரதி கூட இருந்தால் வெளிப்படாதது) ஒற்றை எக்ஸ் கொண்ட ஆணிடம் உடனே வெளிப்படும். அரிதாக இருக்கும்வரை பெண்ணிடம் இன்னொரு எக்ஸின் மறைவில் கிடக்கும். ஆணுக்கு லாபம் என்றால் அது பரவும். பெருகிய பின்புதான் இரட்டைப் பிரதியுள்ள பெண்கள் கெடுதலை அனுபவிப்பார்கள்.

கேள்வி: மூட்டைப்பூச்சி ஆண் பெண்ணைக் குத்துவது உண்மையா?

உண்மை. பெண்ணுக்குப் பிறப்புறுப்பு இருந்தும், ஆண் அவள் வயிற்றுச் சுவரைத் துளைத்தே விந்தைச் செலுத்துகிறது. குத்து விழும் இடத்தில் பெண்ணுக்கு நோயெதிர்ப்புச் செல்கள் நிறைந்த தனித் திசு உண்டு. காயத்தையும் தொற்றையும் அது தணிக்கும். ஆனால் அளவுமீறிய இணைசேர்தலில் ஆயுள் குறையத்தான் செய்யும்.