பழைய மாத நாவல்: எந்தக் கதை எப்போது வந்தது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரே கிரைம் எழுத்தாளரின் மாத நாவல்கள் நாற்பது வீட்டில் இருக்கின்றன. முதலில் வெளியான தேதியோடு பட்டியல் போட ஆசை. ஒரே கதை இரண்டு தலைப்பில் இருக்கிறது. ஒன்றில் ‘முதல் பதிப்பு 1994’ என்று உள்ளது, மற்றதில் ஆண்டே இல்லை. எதை நம்புவது? (வாசகர், கீழக்கரை)

பதில்: 1994-ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். பதிப்பாளர் ‘முதல் பதிப்பு’ என்று போடுவது அவர் அச்சிட்ட முதல் பதிப்பைத்தான். அதே கதை பல வருஷம் முன்பே வார இதழில் தொடராகவோ வேறு மாத நாவலாகவோ வந்திருக்கலாம். மறுபடி போடும்போது தலைப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். தலைப்பை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் ஒரே கதை இரண்டு தடவை ஏறிவிடும்.

புத்தகத்துக்கு ஒரு சீட்டு எடுங்கள். அட்டையில் உள்ள தலைப்பு, உள்ளே கதை தொடங்கும் இடத்தில் உள்ள தலைப்பு (இரண்டும் வேறாக இருப்பதுண்டு), முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், துப்பறிபவர் பெயர், கொலையானவர் பெயர், கதை நடக்கும் ஊர் என்று குறியுங்கள். கீழே இதழின் பெயர், மலர் (இதழ் தொடங்கி எத்தனையாவது ஆண்டு என்ற எண்), இதழ் எண், மாதம், விலை, பக்கங்கள். நாற்பதும் முடிந்ததும் முதல் வாக்கியப்படி அகர வரிசையில் அடுக்குங்கள், இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு பாத்திரங்களின் பெயர்ப்படி இன்னொரு தடவை அடுக்க வேண்டும். மறுபதிப்பில் தொடக்கத்தை வெட்டியிருந்தால் முதல் வாக்கியம் உதவாது. முடிவு ஒன்றாக இருந்து நடுவில் அத்தியாயங்கள் குறைந்திருந்தால் ‘சுருக்கம்’ என்று குறித்துவிடுங்கள்.

மாதம் கிழிந்துபோன இதழுக்கு மலர் எண் கைகொடுக்கும். 1988 ஏப்ரல் இதழில் ‘மலர் 6, இதழ் 4’ என்றிருந்தால் மலர் 1, இதழ் 1 வந்தது 1983 ஜனவரி. ஆனால் இடையில் ஒரு மாதம் நின்றிருந்தாலும், இரண்டு இதழைச் சேர்த்துப் போட்டிருந்தாலும் கணக்கு நழுவும். தேதி தெரிந்த இரண்டு இதழ்களை, நல்ல இடைவெளி விட்டு எடுத்துச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நடுவில் உள்ளதை நிரப்பலாம், அதையும் பென்சிலில்.

‘அடுத்த இதழில்’ விளம்பரத்தைப் பார்த்துப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அறிவித்த தலைப்பு மாறிப்போகும், கதையே வராமலும் போகும். பின்பக்கங்களில் இடம் நிரப்பப் போட்ட சிறுகதையை விட்டுவிடாதீர்கள். அது வேறெங்கும் மறுபதிப்பாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வார இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை கிடைத்தது. தேதியே இல்லை. (வாசகர், தொண்டி)

பதில்: பைண்டர் ஓரம் வெட்டும்போது தேதி போயிருக்கும். கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளின் மறுபக்கத்தையும் படியுங்கள். சினிமா விளம்பரம், தீபாவளித் துணி விளம்பரம், பரிசுப் போட்டியின் கடைசி நாள் எல்லாமே துப்புதான். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. அது இல்லாததால் முந்தையது என்று முடிவு கட்ட முடியாது, ‘சென்னை - 17’ என்று எழுதும் வழக்கம் வெகுகாலம் நீடித்தது.

‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளின் வடிவை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தது. ஆனால் ஈய எழுத்தை உடனே மாற்றச் சின்ன அச்சகங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனவே தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தாலும் பிந்தையதாக இருக்கலாம். நூலக முத்திரையையும் பாருங்கள். காரைக்குடியை இராமநாதபுரம் மாவட்டம் என்று குறித்திருந்தால் அந்த முத்திரை 1985 மாவட்டப் பிரிவினைக்கு முன் செய்தது.

கேள்வி: ‘விக்ருதி வருஷம், தை’ என்றால் என்ன ஆண்டு? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: 1951. விக்ருதி 1950 ஏப்ரலில் பிறந்தது, தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடும். இங்கேதான் பலரும் ஒரு வருஷம் தவறுகிறார்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் விலையையும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: எங்கே போய்த் தேடுவது? (வாசகர், மண்டபம்)

பதில்: சென்னையில் இரண்டு இடம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து 1994-இல் உருவானது. கோட்டையூரும் ஒரு காலத்தில் நம் இராமநாதபுரம் மாவட்டம்தான். மற்றது கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் பிரதி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. எல்லோரும் அனுப்பவில்லை என்பதால் அங்கே இல்லாத நூல் வெளிவரவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மாத நாவல்களைப் பருவ இதழாகப் பதிந்திருப்பார்கள். எழுத்தாளர் பெயரில் தேடி வராவிட்டால் இதழின் பெயர், மாதம், ஆண்டு சொல்லிக் கேளுங்கள். கிளம்புமுன் கடிதமோ போனோ போட்டு விசாரித்தால் பஸ் செலவு மிச்சம்.

கேள்வி: பழைய இதழ்களைத் தைத்த கம்பி துருப்பிடித்துத் தாள் கிழிகிறது. (வாசகர், பாம்பன்)

பதில்: உப்புக்காற்று ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால் நம் கரையில் துரு சீக்கிரம் ஏறும். கம்பியை வெளியிலிருந்து இழுத்தால் அட்டையோடு வரும். முதலில் அட்டையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தி முனையால் கம்பியின் இரு கால்களையும் நிமிர்த்தி, பிறகு முதுகுப்பக்கமாக எடுங்கள். அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும். செலோ டேப் வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். ஈரமானதை வெயிலில் காட்டினால் மட்டத்தாள் பழுத்து நொறுங்கும், நிழலில் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாமல் மாசி வரை பொறுத்திருப்பது நல்லது.