காலையில் இருக்கும் ஐகான் மாலையில் எங்கே போகிறது?

வணக்கம் சார்,

ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். புரோகிராமர் இல்லை. ஆட்டோஹாட்கீ என்ற ஸ்கிரிப்ட் மொழியின் இரண்டாம் பதிப்பில் எங்கள் அலுவலகத்துக்காக ஒரு லாஞ்சர் எழுதியிருக்கிறேன். ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் ஷார்ட்கட்டுகளை ஐகானோடு பட்டியலாகக் காட்டும். சுமார் 60 புரோகிராம்கள். மேலே ஒரு தேடல் பெட்டி; அதில் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி நிரப்புகிறேன். காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மத்தியானத்துக்கு மேல் சில ஐகான்கள் வெள்ளையாகிவிடும், அப்புறம் ஒன்றுமே வராது. ஸ்கிரிப்டை ரீலோட் செய்தால் சரியாகிவிடுகிறது.

இன்னும் இரண்டு குறைகள். தேர்ந்தெடுத்த புரோகிராமின் ஐகானை வலது பக்கம் 128 அளவில் காட்டுகிறேன், அது மங்கலாக இருக்கிறது. குரோமிலிருந்து நிறுவிய வலைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் குரோம் ஐகானே வருகிறது. ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். விண்டோஸ் பதிலை நிரப்பித் தரும் கட்டமைப்பின் அளவுக்கு 688 என்று ஒரு எண் வருகிறதே, அது என்ன கணக்கு?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கிரிப்டைப் பார்த்தேன். புரோகிராமர் இல்லை என்று சொல்லிக்கொள்கிறீர்கள், ஆனால் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். விட்டுப்போனது ஒரே ஒரு வரி.

எஸ்ஹெச்கெட்ஃபைல்இன்ஃபோ என்ற விண்டோஸ் ஃபங்ஷனிடம் ஐகான் கேட்டால் விண்டோஸ் உங்கள் ஸ்கிரிப்டின் பெயரில் புதிதாக ஒரு ஐகானை உருவாக்கி அதன் ஹேண்டிலை, அதாவது அதைக் குறிக்கும் எண்ணை, தருகிறது. அந்த ஐகானை இமேஜ்லிஸ்ட்டில் (பட்டியலுக்கான ஐகான்களின் தொகுப்பு) சேர்க்கும்போது இமேஜ்லிஸ்ட் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருக்கும் ஹேண்டிலால் யாருக்கும் பயனில்லை, ஆனால் தானாகவும் போகாது. டெஸ்ட்ராய்ஐகான் என்று கூப்பிட்டு நீங்கள்தான் அழிக்க வேண்டும். ஆட்டோஹாட்கீ உதவிப் பக்கத்தின் லிஸ்ட்வியூ (பட்டியல் காட்டும் பெட்டி) உதாரணத்தில் அந்த வரி இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டில் மட்டும் இல்லை.

ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) சாதாரணமாக சன்னல், மெனு போன்ற யூசர் ஆப்ஜெக்டுகள் 10,000தான் வைத்துக்கொள்ள முடியும். ஐகானும் அந்தக் கணக்கில் வரும். நீங்கள் தேடல் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்பே 60 ஷார்ட்கட்டுக்கும் ஐகான் வாங்கிவிடுகிறீர்கள். ஐந்து எழுத்து அடித்தால் 300 ஐகான். முப்பத்துச் சொச்சம் தேடலில் வரம்பு முடிந்துவிடும். மத்தியானம் வரை தாக்குப்பிடிப்பதே உங்கள் அலுவலகத்தில் அதிகம் பேர் தேடுவதில்லை என்பதால்தான். நான் சொல்வதைச் சரிபார்க்க டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கத்துக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் லாஞ்சரைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது அடியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எண் 60 ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்த வரியைச் சேர்த்தாலே போதும். ஆனால் நானாக இருந்தால் இந்த வழியையே விட்டுவிடுவேன். பட்டியலில் காட்டத்தானே? எக்ஸ்புளோரர் பாணியில் காட்டுவதற்கென்றே விண்டோஸ் ஒரு இமேஜ்லிஸ்ட் வைத்திருக்கிறது. அதே எஸ்ஹெச்கெட்ஃபைல்இன்ஃபோவிடம் ஐகானுக்குப் பதிலாக சிஸ்டம் ஐகான் இண்டெக்ஸைக் கேளுங்கள். இமேஜ்லிஸ்ட்டின் ஹேண்டில் திரும்பி வரும்; ஃபைலின் ஐகான் அதில் எத்தனையாவது என்ற எண் கட்டமைப்புக்குள் இருக்கும். இமேஜ்லிஸ்ட்டை லிஸ்ட்வியூவோடு ஒரு தடவை இணைத்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் எண்ணைக் கொடுத்தால் போதும். ஐகானே உருவாவதில்லை, அதனால் அழிக்கிற வேலையும் இல்லை. விண்டோஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆட்டோஹாட்கீ ஒன்றிலிருந்து எண்ணும், ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். மறந்தால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேறு ஏதோ ஒன்றின் ஐகான் வந்து நிற்கும், வேடிக்கையாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இமேஜ்லிஸ்ட் உங்களுடையது இல்லை. லிஸ்ட்வியூ மூடும்போது தன்னோடு இணைந்த இமேஜ்லிஸ்ட்டையும் சேர்த்து அழித்துவிடும் வழக்கம் உள்ளது. அதைத் தடுக்க லிஸ்ட்வியூ உருவாக்கும்போதே பகிர்ந்துகொள்ளும் ஸ்டைலைச் சேர்க்க வேண்டும். தசம எண்ணில் 64. விண்டோஸ் 95, 98 காலத்தில் இதை மறந்தவர்கள் மொத்தக் கணினியின் ஐகான்களையும் காலி செய்தார்கள், ஏனென்றால் அப்போது எல்லாப் புரோகிராமுக்கும் சேர்த்து ஒரே இமேஜ்லிஸ்ட். இப்போது புரோசஸுக்கு ஒரு நகல் என்பதால் அடி உங்கள் ஸ்கிரிப்டோடு நின்றுவிடும்.

அடுத்தது மங்கல். எஸ்ஹெச்கெட்ஃபைல்இன்ஃபோ தரும் பெரிய ஐகான் சாதாரணத் திரையில் 32 பிக்சல்தான். அதை 128க்கு இழுத்தால் மங்கலாகாமல் என்ன செய்யும்? ஆனால் ஃபைலுக்குள் பெரியதும் இருக்கிறது. ஒரு புரோகிராம் ஃபைலில் ஐகான் என்பது ஒரே படம் இல்லை, 16, 32, 48 என்று பல அளவுப் படங்களின் தொகுப்பு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 256 அளவும் அதில் சேர்ந்தது; இடம் அடைக்காமல் இருக்க அதைப் பிஎன்ஜியாகச் சுருக்கி வைப்பார்கள். எனவே வலது பக்கப் படத்துக்கு மட்டும் ஆட்டோஹாட்கீயின் லோட்பிக்சர் ஃபங்ஷனைப் பயன்படுத்தி, அகலமும் உயரமும் ஐகான் எண்ணும் சொல்லி, ஃபைலிலிருந்தே நேராக வாங்குங்கள். இது ஐகான் இருக்கும் ஃபைல்களுக்குத்தான் பொருந்தும். எக்ஸெல் ஃபைலைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது.

அளவு சொல்லும்போது ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் திரை 125 சதவீதத்தில் இருந்தால் ஆட்டோஹாட்கீ தன் சன்னலில் 128 என்பதைத் தானே 160 ஆக்கிக்கொள்ளும். நீங்கள் 128ஆக வாங்கிய படத்தை 160 பெட்டியில் போட்டால் மறுபடி இழுபடும், மறுபடி லேசான மங்கல். 128ஐ ஏ_ஸ்கிரீன்டிபிஐயால் (ஆட்டோஹாட்கீ தரும் திரை டிபிஐ எண்) பெருக்கி 96ஆல் வகுத்து, வரும் அளவைக் கேளுங்கள். பழைய புரோகிராம்களில் 48க்கு மேல் படமே இருக்காது. அவற்றுக்கு என்ன செய்தாலும் மங்கல்தான். 128 பெட்டியின் நடுவில் 48ஆகவே காட்டிவிடுவது என் கட்சி.

குரோம் விஷயம் சுலபம். நீங்கள் ஃபைல்கெட்ஷார்ட்கட் மூலம் ஷார்ட்கட் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஃபைலின் ஐகானை எடுக்கிறீர்கள். வலைச் செயலிகளின் ஷார்ட்கட் எல்லாமே குரோமின் ஒரே துணை எக்ஸ்இ ஃபைலைத்தான் திறக்கின்றன. எந்தச் செயலி என்பது அதன் பின்னால் வரும் ஆர்க்யுமெண்டில் (கூடுதல் குறிப்பில்) இருக்கிறது. ஐகான் தனியாக ஒரு ஐகோ ஃபைலில் இருக்கும். பட்டியலுக்கு ஷார்ட்கட்டின் பாதையையே எஸ்ஹெச்கெட்ஃபைல்இன்ஃபோவிடம் கொடுங்கள், அது சரியானதை எடுத்துத் தரும். பெரிய படத்துக்கு, ஃபைல்கெட்ஷார்ட்கட் திருப்பித் தருபவற்றில் ஐகான் ஃபைல், ஐகான் எண் என்று இரண்டு உள்ளன. முதலில் அதைப் பாருங்கள். காலியாக இருந்தால் மட்டும் திறக்கும் ஃபைலுக்குப் போங்கள்.

688 பற்றி. விண்டோஸ் பதிலை நிரப்பித் தரும் கட்டமைப்பில் முதலில் ஐகான் ஹேண்டில், அப்புறம் 4 பைட்டில் இண்டெக்ஸ், 4 பைட்டில் பண்புகள், 260 எழுத்தில் ஃபைல் பெயர், 80 எழுத்தில் ஃபைல் வகை. எழுத்துக்கு 2 பைட் என்றால் 520, 160. ஹேண்டிலை விட்டுக் கூட்டினால் 688. ஹேண்டில் 64 பிட்டில் 8 பைட், 32 பிட்டில் 4 பைட் என்பதால்தான் அதோடு ஏ_பிடிஆர்சைஸை (அந்த 8 அல்லது 4ஐத் தரும் ஆட்டோஹாட்கீ மாறி) கூட்டுகிறார்கள். நீங்கள் வெறும் 692 என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள். அது 32 பிட் ஆட்டோஹாட்கீக்குச் சரி. அலுவலகத்தில் யாராவது 64 பிட்டில் ஓட்டினால் 4 பைட் குறையும். பழையபடி மாற்றிவிடுங்கள்.

32 பிட் என்றதும் இன்னொன்று. 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சிஸ்டம்32இல் மட்டும் இருக்கும் புரோகிராம்களுக்கு உங்கள் லாஞ்சரில் வெற்று ஐகான் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 64 பிட் ஆட்டோஹாட்கீக்கு மாறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.