திரும்பி வரும் வண்டியில்தான் என் புத்தகம்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்ன படிப்பார்கள், எப்படிப் படிப்பார்கள் என்று வாசகர்கள் கேட்டு அனுப்பியிருந்தார்கள். நூலக உதவியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறீர்கள். படித்துக்கொண்டே இருக்கலாம், இல்லையா?

முடியாது. வேலை நேரத்தில் புத்தகம் கையில் இருக்கும், படிக்க நேரம் இருக்காது. பதிய வேண்டும், எண் ஒட்ட வேண்டும், அடுக்க வேண்டும், நடுவில் யாராவது ஏதாவது தேடி வருவார்கள். ஆனால் இந்த வேலையில் ஒரு பழக்கம் வந்துவிடும். புதிய புத்தகம் வந்தால் நான் பின்னட்டையைப் பார்ப்பதில்லை, நேராகப் பொருளடக்கத்துக்கும் கடைசியில் இருக்கும் சொல்லடைவுக்கும் போய்விடுவேன். ஓர் ஆற்றைப் பற்றிய புத்தகம் என்றால் சொல்லடைவில் மீன், மணல், வெள்ளம், படகு எல்லாம் இருக்கிறதா, இல்லை மன்னர்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தாலே எழுதியவருக்கு எதில் அக்கறை என்று புரிந்துவிடும். முழுதாக உட்கார்ந்து படிப்பது வீட்டில், இரவில்.

கேள்வி: இத்தனை புத்தகங்களில் உங்களுக்கான புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பெரும்பாலும் திரும்பி வந்த புத்தகங்களை வைக்கும் தள்ளுவண்டியிலிருந்து. ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பல நாள் வைத்திருந்துவிட்டுக் கொடுத்த புத்தகம் என்பதே எனக்கு ஒரு பரிந்துரைதான். ஒரே புத்தகம் மறுபடி மறுபடி வண்டியில் வந்தால் கை தானாக அதை எடுத்துவிடும். தேனீ வளர்ப்பு, சதுரங்கம், சிறையிலிருந்து எழுதிய குறிப்புகள் என்று நானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டாத எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் என்னிடம் வந்தன.

அப்புறம், தேடிக் கொடுக்கும்போது கிடைப்பவை. யாராவது மேகங்களைப் பற்றிப் படத்தோடு ஒரு புத்தகம் கேட்பார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் வானிலைக்கு 551.5. அந்த வரிசையில் கொஞ்சம் முன்னால் 551.2-இல் எரிமலையும் நிலநடுக்கமும் நிற்கும். அவருக்கு மேகத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு எரிமலையை நான் எடுத்துக்கொள்வேன். என் ரசனை என்று நான் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கேட்ட கேள்விகளால் உருவானது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்னொரு வழியும் உண்டு. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது. அதை எல்லோரும் எளிதாக ஒப்புக்கொள்வார்கள், மூன்றாவதுதான் கஷ்டம். அதனால் தேதித் தாளில் முத்திரையே விழாத, அதாவது யாருமே எடுத்துப் போகாத புத்தகம் ஒன்றை அவ்வப்போது என் பெயரில் எடுத்துப் போவேன். சிலவற்றை ஏன் யாரும் தொடவில்லை என்று பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். சிலவற்றைப் படித்து முடித்ததும் அடுத்த நாளே யாரிடமாவது கொடுத்தாக வேண்டும் என்று இருக்கும். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அலமாரி முன்னால் நின்றே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகாதீர்கள், பதிந்து எடுத்துப் போங்கள். இடம் போதாமல் புத்தகங்களைக் கழிக்க வேண்டி வரும்போது, கடைசியாக எப்போது வெளியே போனது என்பதையும் பார்ப்பார்கள்.

கேள்வி: பிடித்த வகை எது?

கடிதங்களும் நாட்குறிப்புகளும். நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதியவை என்பதால் அவற்றில் ஒரு பரபரப்பு இருக்கிறது, பின்னாளில் யோசித்து எழுதிய சுயசரிதையில் அது கிடைப்பதில்லை. அடுத்து, தன் தொழிலைப் பற்றி ஒருவர் விவரமாக எழுதியது எதுவானாலும்: மருத்துவச்சி, மாலுமி, நில அளவையாளர் யாராக இருந்தாலும் சரி. பூச்சிகள், பறவைகள் பற்றி எது வந்தாலும் படிப்பேன். வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்கள் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கேட்டு வருபவருக்கு அதிலும் நல்லதாகத்தான் தேடித் தருவேன்.

கேள்வி: துப்பறியும் கதைகளும் காதல் கதைகளும்தான் எடுக்கிறேன். கவுன்ட்டரில் நீட்டும்போது கூச்சமாக இருக்கிறது. மட்டமாக நினைப்பீர்களா?

மாட்டோம். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். நானும் துப்பறியும் கதை படிப்பேன், களைத்துப்போன நாளில் அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னாலேயே எல்லாத் தடயத்தையும் வைத்துவிட்டுக் கடைசிவரை நம்மைத் திசைதிருப்புவது சாதாரணத் திறமை இல்லை. இன்னொன்று, யார் எதை எடுத்தார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை நெறி. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே அதைத் தன் நெறிமுறையில் எழுதி வைத்தது. உங்கள் வாசிப்பு உங்களுடையது.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தையும் முடித்துவிடுவீர்களா?

இல்லை. நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடுங்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் 100-இல் இருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையில் படித்தால் போதும். கவிதைக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரு கவிதையை இன்று மூடிவிட்டு அடுத்த மாதம் திறந்தால் வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பழைய புத்தக வாசனை பிடிக்குமா?

ரொம்பப் பிடிக்கும், கூடவே வருத்தமும் வரும். அது காகிதம் சிதையும் வாசனை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்வது பரவியது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் சிதைவதால் பக்கம் மஞ்சளாகிறது, அப்போது வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் கொஞ்சம் வெளிவரும். காகிதத்தில் இருக்கும் அமிலம் அதை நொறுங்க வைக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய புத்தகங்களை வெயில் படாத, ஈரம் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈரம் இருந்தால் காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும்.

கேள்வி: அடிக்கோடு போடுவீர்களா?

என் சொந்தப் புத்தகத்தில், பென்சிலால். நூலகப் புத்தகத்தில் ஒருபோதும் இல்லை, அடுத்து வருபவரின் கண்ணை நாம் இழுக்கக் கூடாது.

கேள்வி: வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

தூங்குங்கள், முதலில் உடம்புக்கு அதுதான் தேவை. பெரிய நாவலை விடுமுறை நாளின் காலைக்கு ஒதுக்கிவிட்டு, இரவுக்குச் சிறுகதையோ கடிதத் தொகுப்போ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடித்த திருப்தியும் கிடைக்கும், விட்ட இடத்தைத் தேட வேண்டியதும் இல்லை. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் நூலகத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், கடைசியாக உங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.